மான்கொம்பு வேறு, மான் வெல்வெட் வேறு

மதுரையில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் "மான்கொம்பு இருக்கா?" என்று கேட்டால், கடைக்காரர் ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "அதெல்லாம் இப்ப கிடையாதுங்க" என்பார். அதே ஊரில் ஜிம்முக்குப் போகிற பையனின் கைபேசியில் "டீர் ஆன்ட்லர் வெல்வெட்" என்று டப்பா விளம்பரம் வந்து நிற்கும். மூட்டு வலி போகும், தசை ஏறும், ஆண்மை கூடும், இரண்டாயிரம் ஆண்டு பழைய மருந்து என்று வரிசையாகச் சொல்லும். தமிழ் ஆட்களிடம் விற்கும்போது இன்னொரு வரியும் ஒட்டிக்கொள்கிறது: "நம்ம சித்தர்கள் சொன்ன மான்கொம்புதான் இது."

மற்ற வரிகளிலும் கோளாறு உண்டு. ஆனால் இந்தக் கடைசி வரியை முதலில் பிரித்துப் பார்த்தால்தான் மற்றவை புரியும்.

தமிழில் ஆட்டுக்கும் கொம்பு, மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு. யானைத் தந்தத்தைக்கூடக் கொம்பு என்போம். உடற்கூற்றில் இவை ஒன்றல்ல. ஆடு, மாடு, வெளிமான் ஆகியவற்றின் கொம்பில் உள்ளே எலும்பு. மேலே நகம் போன்ற உறை. அது கிளை விடாது, ஆயுள் முழுக்க விழாது. சங்கப் பாட்டில் வருகிற திரிமருப்பு இரலை, அதாவது முறுக்குக் கொம்பு மான், இந்த வகை. புள்ளிமானும் கடமானும் (மிளா என்று மலையோர மக்கள் சொல்வது) வேறு சாதி. அவற்றின் கொம்பு முழுக்க எலும்பு, கிளை விடும், விழுந்து விழுந்து புதிதாக முளைக்கும். ஆண் மானுக்கு மட்டுமே உண்டு. பெண்ணுக்கும் கொம்பு இருப்பது பனிப்பிரதேசத்துக் கலைமானில் மட்டும்தான்.

அந்த முளைக்கும் பருவத்துக் கொம்புதான் வெல்வெட். வழக்கில் தனிப் பெயர் இல்லாததால் இளங்கொம்பு என்று வைத்துக்கொள்வோம். பழைய கொம்பு உதிர்ந்ததும் மண்டையோட்டில் அது நின்ற குமிழில் சின்னப் புண் போலத் தெரியும். சில நாளில் அது தோல் மூடி, உள்ளிருந்து குருத்தெலும்பு தள்ளிக்கொண்டு வரும். மேலே பொடி மயிர் போர்த்திய மெல்லிய தோல். தொட்டால் சுடும், அவ்வளவு ரத்த ஓட்டம். நரம்பும் உண்டு, ஆகையால் அடிபட்டால் மானுக்கு வலிக்கும். பெரிய இனங்களில் ஒரு நாளைக்கு 2 சென்டிமீட்டர் வரை நீளும். பாலூட்டிகளின் உடம்பில் இதைவிட வேகமாக வளரும் உறுப்பு கிடையாது. ஆய்வாளர்களுக்கு இளங்கொம்பின் மீது ஆசை வந்ததும் அதனால்தான்: முழு உறுப்பு ஒன்று ஆண்டுதோறும் விழுந்து திரும்ப முளைக்கிறது, அதுவும் தழும்பில்லாமல். அந்த ஆய்வு உண்மையானது, சுவையானது. அந்த உறுப்பை அரைத்துக் குடித்தால் நமக்கும் அப்படி முளைக்கும் என்பதுதான் அங்கிருந்து எடுத்த குருட்டுத் தாவல்.

ஆண்மைக்கு இதை விற்பவர்கள் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் உண்டு. இளங்கொம்பு வளர்வது கிடாவின், அதாவது ஆண் மானின், உடம்பில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் இறங்கிக் கிடக்கிற மாதங்களில். அந்த ஹார்மோன் ஏறத் தொடங்கியதும் கொம்புக்குள் சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகும், தோல் காய்ந்து உரியும், மான் மரத்தில் உரசி அதைக் கழற்றிவிட்டுச் சண்டைக்கும் சேர்க்கைக்கும் கிளம்பும். காயடித்த கிடாவுக்குப் புதிதாக முளைக்கும் கொம்பு முழுதாக இறுகுவதே இல்லை. தோலோடு அப்படியே நிற்கும். வீரியத்தின் அடையாளமாக விற்கப்படுவது வீரியம் ஓய்ந்திருக்கும் காலத்தின் உறுப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்றக் காடுகளிலும் இந்தப் பருவத்து மான்களைப் பார்க்கலாம். குளிர் நாட்டுச் செம்மானுக்கு எல்லாக் கிடாவுக்கும் ஒரே பருவத்தில் கொம்பு உதிரும். நம் புள்ளிமானுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே மந்தையில் ஒரு கிடா கூரிய கொம்போடும் இன்னொன்று தோல் போர்த்திய மொட்டுக் கொம்போடும் நிற்கும்.

நுங்குப் பதம்

கடையில் வரும் வெல்வெட் காட்டு மானிலிருந்து வருவதல்ல. நியூசிலாந்து, சீனா, தென்கொரியா, ரஷ்யாவின் அல்தாய் மலைப்பகுதி போன்ற இடங்களில் பண்ணை மான்களிடமிருந்து வருகிறது. இதில் நியூசிலாந்தின் கதை வேடிக்கையானது. அந்தத் தீவுகளுக்கு மான் சொந்தப் பிராணியே அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஆங்கிலேயர் கொண்டுபோய் விட்ட செம்மான் பெருகிக் காட்டை அழித்தது. அரசே சுட்டுத் தள்ளியது. 1969-இல் மான் பண்ணைக்குச் சட்டம் இடம் கொடுத்த பிறகு, தொல்லை என்று சுட்ட பிராணி வேலிக்குள் வந்தது. வெட்டிய இளங்கொம்பைச் சாப்பிடும் வழக்கம் அங்கே கிடையாது. சரக்கு போவது பெரும்பாலும் சீனாவுக்கும் கொரியாவுக்கும்.

வெட்டும் காலத்தை நுங்கோடு ஒப்பிட்டால் மதுரைக்காரருக்கு உடனே புரியும். நான்கு நாள் முந்தினால் வெறும் தண்ணீர், நான்கு நாள் பிந்தினால் பல்லுக்கு ஏறாத கடுக்காய். செம்மானில் பழைய கொம்பு உதிர்ந்த நாளிலிருந்து சுமார் 55 முதல் 65 நாளுக்குள் வெட்ட வேண்டும். முந்தினால் எடை குறைவு. பிந்தினால் அடியிலிருந்து சுண்ணாம்பு ஏறி எலும்பாகிவிடும். தரம் இரண்டு படி இறங்கும். ஒவ்வொரு கிடாவுக்கும் உதிர்ந்த நாள் வேறு என்பதால், நல்ல பண்ணைக்காரர் மான்வாரியாகத் தேதி எழுதி வைத்திருப்பார்.

வெட்டும் முறை இப்படி. கிடாவை விரட்டாமல் கொட்டகைக்குள் கொண்டுவந்து, அசையாதபடி இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் கூண்டில் நிறுத்துவார்கள். கொம்பின் அடிக்குமிழைச் சுற்றி வளையமாக லிக்னோகெயின் ஊசி, பல் பிடுங்கும்போது போடுகிற அதே மரப்பு மருந்து. சில நிமிடம் காத்திருந்து, கிள்ளிப் பார்த்து, மான் உதறவில்லை என்றால்தான் ரம்பம். ரத்தம் பீச்சாமலிருக்க அடியில் கட்டு. அறுப்பது குமிழுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. அவசரத்தில் குமிழையே அறுத்துவிட்டால் அடுத்த ஆண்டுக் கொம்பு கோணலாக முளைக்கும். முளைக்கும் திசுவின் வேர் அங்கேதான் இருக்கிறது. நியூசிலாந்தில் கால்நடை மருத்துவர் மேற்பார்வையில் பயிற்சி பெற்றுச் சான்று வாங்கியவர்தான் இதைச் செய்யலாம். பிரிட்டனில் இளங்கொம்பை வணிகத்துக்காக வெட்டவே தடை. மானைக் கொல்வதில்லை என்பது உண்மைதான்; "தானாக உதிர்ந்ததைப் பொறுக்குகிறோம்" என்று டப்பாவில் இருந்தால் அது பொய். தானாக உதிர்வது காய்ந்த எலும்புக் கொம்பு. இளங்கொம்பு தானாக உதிராது, அறுத்தால்தான் வரும்.

அறுத்த பின் சரக்கு கெடுவது மிக எளிது. ரத்தமும் புரதமும் நிறைந்த ஈரப் பொருள், நம் வெயிலில் வைத்த ஆட்டு ரத்தத்தைவிட மெதுவாக ஒன்றும் கெடாது. அறுத்த வாய் மேல்நோக்கி இருக்க நிறுத்தி, அன்றைக்கே உறைகலத்தில் மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மேல்தோல் நசுங்கும், நடு உறையுமுன் அழுகத் தொடங்கும். வெளியே பளபளவென்று இருந்து, அறுத்தால் நடுவில் கறுத்து நாற்றமடிக்கிற கொம்பு இப்படி உருவாவதுதான்.

உலர்த்துவதில் இரண்டு வழி. பழைய கிழக்காசிய முறையில் முழுக் கொம்பைக் கொதிநீரில் சிறிது சிறிது நேரம் முக்கி எடுத்து, உள்ளே ரத்தத்தை உறையவைத்து, சூடான காற்றில் காயவைத்து, மறுபடி முக்கி, இப்படி வாரக்கணக்கில் போகும். சூடு மெதுவாக ஏறாவிட்டால் தோல் வெடிக்கும். மேலே மட்டும் காய்ந்தால் நடு புளிக்கும். புதிய முறையில் உறைந்த கொம்பைச் சீவி, வெற்றிடத்தில் வைத்துப் பனியை நேரே ஆவியாக்குவார்கள். எப்படிக் காயவைத்தாலும் சுமார் 3 கிலோ ஈரக் கொம்புக்கு 1 கிலோ உலர்சரக்குதான் தேறும்.

ஒரே கொம்பிலும் நுனியும் அடியும் ஒன்றல்ல. நுனியில் புரதமும் கொழுப்பும் கூடுதல், சாம்பல் சத்து (எரித்தால் மிஞ்சும் கனிமம்) குறைவு. அடிக்கு வர வர எலும்பு ஏறும். கொரியச் சந்தையில் நுனிச் சீவல் தங்கம் மாதிரி விலைபோகும், அடித்துண்டு சூப்புக்குப் போகும். மாத்திரைக்குப் பொடிக்கும்போது எந்தப் பகுதி எவ்வளவு போயிற்று என்பது டப்பாவில் இருப்பது அபூர்வம். வாங்குகிறவர் கையில் இருப்பது பழுப்புப் பொடி. நாக்கால் நுனியா அடியா என்று சொல்ல முடியாது.

சித்த மருந்தில் இருப்பது எது

இப்போது நாட்டு மருந்துக் கடைக்குத் திரும்புவோம். சித்த மருத்துவத்தில் மான்கொம்பு பற்பம், அதாவது எரித்து நீற்றிய பொடி மருந்து, உண்டு. சிருங்கி பற்பம் என்றும் பெயர். இருமல், இரைப்பு, நெஞ்சு வலி என்று பல நோய்க்கு வைத்தியர்கள் கொடுத்த மருந்து. இதற்கு எடுப்பது முற்றி இறுகிய கொம்பு. துண்டாக்கிச் சுத்தி செய்து, மூலிகைச் சாறு சேர்த்து, அகலில் வைத்து மேல் அகல் மூடி, மண் பூசிய துணியால் வாயைச் சுற்றி அடைத்து (சீலைமண்), வறட்டி அடுக்கி எரித்துப் புடம் போடுவார்கள். வெள்ளை வெளேரென்று நீற வேண்டும். சாம்பல் நிறமோ கறுப்புப் புள்ளியோ இருந்தால் வேகவில்லை என்று பொருள், திரும்பப் புடம். விரலில் தேய்த்தால் ரேகைக்குள் புக வேண்டும், தண்ணீரில் தூவினால் மிதக்க வேண்டும், நாக்கில் வைத்தால் சுவை கூடாது. கொடுப்பது குன்றிமணி எடைக் கணக்கில், நெய்யிலோ தேனிலோ குழைத்து.

புடத்துக்குள் நடப்பதை யோசித்துப் பாருங்கள். அந்தச் சூட்டில் புரதம், கொழுப்பு, ஹார்மோன், வளர்ச்சிப் பொருள் என்று உயிர்ப்பொருள் எதுவும் மிஞ்சாது. மிஞ்சுவது எலும்பின் கனிமம், பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். வெல்வெட் விற்பவர் பெருமை பேசுவதோ முழுக்க அந்த எரிந்துபோன பகுதியைப் பற்றி. ஒன்று முற்றிய எலும்பின் சாம்பல். மற்றொன்று முற்றாத குருத்தின் ஈரச் சத்து. பெயரில் மட்டுமே உறவு. பற்பம் வேலை செய்கிறதா என்பது தனி வழக்கு. அதன் மரியாதையைக் கடன் வாங்கி வெல்வெட்டுக்குப் போர்த்துவது மட்டும் செல்லாது.

கிராமத்தில் பெரியவர்கள் கல்லில் மான்கொம்பை உரைத்து வீக்கத்துக்குப் பற்றுப் போட்டதும் இறுகிய கொம்பைத்தான். வெல்வெட்டைக் கல்லில் உரைத்தால் நாறும்.

வெல்வெட்டுக்குச் சொந்தமான மரபு சீனாவிலும் கொரியாவிலும் இருக்கிறது, அதையும் குறைத்துச் சொல்லக்கூடாது. சீனத்தில் லூ ரோங், கொரியத்தில் நோக்யோங். சீன மருந்து நூலில் புள்ளிச் சிக்கா மான், செம்மான் இரண்டின் கொம்பும் ஏற்கப்பட்டவை. பொடியாக நாளொன்றுக்கு 1 முதல் 2 கிராம் என்பது அளவு. அங்கும் தனியாகக் கொடுப்பதைவிட வேறு மூலிகைகளோடு, ஆளின் உடல்வாகு பார்த்து, குளிர்ச்சி உடம்புக்குக் கொடுப்பதே வழக்கம். சூட்டு உடம்புக்கு ஆகாது என்பார்கள். 1930-களில் சோவியத் நாட்டில் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறு பான்டோகிரின் என்ற பெயரில் மருந்தானது. இன்றைய மாத்திரைக்கடை எடுத்துக்கொண்டது அந்த மரபின் வயதை மட்டும். ஆள் பார்த்துக் கொடுக்கும் கட்டுப்பாட்டை அல்ல.

500 மில்லிகிராமில் என்ன இருக்கும்

கணக்குப் போட்டால் பாதி மயக்கம் தெளியும். ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் பொடி என்று வைத்துக்கொள்வோம்.

உலர்ந்த வெல்வெட்டில் பாதியோ சற்றுக் கூடுதலோ புரதம். ஆக மாத்திரைக்கு 250 முதல் 300 மில்லிகிராம் புரதம். ஒரு கோழி முட்டையில் சுமார் 6 கிராம். ஒரு முட்டைக்கு ஈடாக 20 மாத்திரைக்கு மேல் விழுங்க வேண்டும். "கொலாஜன் நிறைந்தது" என்பதும் அப்படியே. கொலாஜன்தான் வேண்டுமென்றால் நம் ஊர் ஆட்டுக்கால் பாயாவில் ஒரு கிண்ணத்தில் இருப்பது இந்த டப்பா முழுவதிலும் இராது. இரண்டுமே வயிற்றில் அமினோ அமிலமாகவும் சிறு துண்டுகளாகவும் சிதைந்துதான் உள்ளே போகும், முழுக் கொலாஜனாக மூட்டுக்கு நடந்து போகாது.

அடுத்தது காண்ட்ராய்ட்டின். மூட்டு மாத்திரைகளில் வருகிற பொருள். குருத்தெலும்பில் உள்ளது, ஆகவே இளங்கொம்பிலும் உண்டு. தாராளமாகப் பத்தில் ஒரு பங்கு அதுதான் என்றே வைத்தாலும் மாத்திரைக்கு 50 மில்லிகிராம். மூட்டுத் தேய்மான ஆய்வுகளில் காண்ட்ராய்ட்டின் கொடுத்த வழக்கமான அளவு நாளுக்கு 1,200 மில்லிகிராம். அந்த அளவிலேயே பலன் உண்டா இல்லையா என்று சண்டை ஓயவில்லை. அதை எட்ட 24 மாத்திரை ஆகும்.

விளம்பரத்தின் கதாநாயகன் ஐ.ஜி.எஃப்.-1. இன்சுலினுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரியான வளர்ச்சிப் புரதம், 70 அமினோ அமிலம் கோத்த சங்கிலி. இளங்கொம்பில் இருக்கிறது என்பது பொய்யல்ல. அளவுதான் கேள்வி. இள வயது ஆளின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 முதல் 300 நானோகிராம் வரை ஏற்கெனவே ஓடுகிறது. உடம்பில் 3 லிட்டர் பிளாஸ்மா, மில்லிலிட்டருக்கு 150 என்று வைத்தால் நாலரை லட்சம் நானோகிராம், எந்த நேரமும். உங்கள் கல்லீரல் அதை நாள் முழுக்க ஊற்றிக்கொண்டே இருக்கிறது. இந்தப் புரதம் பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு மெகாசெர்மின் என்று ஊசி மருந்தாகவே உண்டு. ஒரு கிலோ உடல் எடைக்கு 40 முதல் 120 மைக்ரோகிராம், நாளுக்கு இருமுறை. 20 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 8 லட்சம் முதல் 24 லட்சம் நானோகிராம். ஸ்பிரே பாட்டிலில் "20,000 நானோகிராம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், மிரட்டுவது அலகுதான். மைக்ரோகிராமில் எழுதினால் அது வெறும் 20.

அதுவும் ஊசி. வாயில் போட்டால் வயிற்று அமிலமும் நொதிகளும் அதை மற்ற இறைச்சிப் புரதம் போலவே வெட்டித் தள்ளும். "அதனால்தான் நாக்கடியில் ஸ்பிரே" என்பார்கள். சர்க்கரைக்காரர் இல்லாத வீடு மதுரையில் குறைவு. இன்சுலின் இந்தப் புரதத்தைவிடச் சின்ன மூலக்கூறு. நாக்கடியில் அடித்தால் ஏறும் என்றால் இத்தனை பேர் எதற்கு வயிற்றில் குத்திக்கொள்கிறார்கள்? கொதிநீரில் முக்கிச் சூடான காற்றில் வாரக்கணக்கில் காய்ந்த சரக்கில் இந்த நுட்பமான புரதம் உயிரோடு இருப்பதாக அதே டப்பா சொன்னால் அது இரட்டை வேடிக்கை.

"200 மடங்கு சாறு" என்பது இன்னொரு சொல்வித்தை. 200 கிலோவை 1 கிலோவாகச் சுண்டினால் தண்ணீரில் கரைவது மட்டும் மிஞ்சும். கரையாத கொலாஜனும் கனிமமும் கழிந்துபோகும். எந்தப் பொருளை 200 மடங்காக்கினார்கள் என்று எழுதாதவரை அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

ஆளுக்குக் கொடுத்துப் பார்த்ததில்

எலிக்கும் சோதனைக்குழாயில் உள்ள செல்லுக்கும் கொடுத்த ஆய்வுகள் நிறைய. போலி மாத்திரையோடு ஒப்பிட்டு ஆளுக்குக் கொடுத்த ஆய்வுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. நியூசிலாந்தில் 38 ஆண்களுக்கு 10 வாரம் பயிற்சியோடு கொடுத்துப் பார்த்து 2003-இல் வெளியானது ஒன்று: மூச்சுத்திறனிலும் ரத்த அணுவிலும் மாற்றமில்லை, பொடி சாப்பிட்ட பிரிவில் சில வலிமை அளவுகள் மட்டும் கூடின. அதே ஆண்டு நடுவயது ஆண்களுக்கு 12 வாரம் கொடுத்த ஆய்வில் பாலுறவுத் திறனிலோ ஹார்மோனிலோ போலி மாத்திரையோடு வேறுபாடு தெரியவில்லை. 2005-இல் படகோட்டும் வீரர்களிடம் 10 வாரம், நாளுக்கு 560 மில்லிகிராம்: வலிமையிலும் ஹார்மோனிலும் பலனில்லை. 2008-இல் முடக்குவாத நோயாளிகள் 168 பேருக்கு ஆறு மாதம், நாளுக்கு 1 கிராம்: வீக்கமும் வலியும் குறைவதில் கூடுதல் பலனில்லை. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த 2012 மதிப்பாய்வு, விளம்பரம் சொல்லும் பலன் எதற்கும் உறுதியான ஆதாரமில்லை என்று எழுதியது. நியூசிலாந்தின் மருத்துவ இதழில், அதாவது சரக்கை விற்கிற நாட்டிலேயே.

ஆதாரமில்லை என்றால் நஞ்சு என்றல்ல. இந்த ஆய்வுகளில் பெரிய பக்கவிளைவும் தெரியவில்லை. ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது.

முதலாவது, கலப்படம். 2009-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் டேவிட் வோபோரா ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தடைபெற்றார். அவர் பயன்படுத்திய ஸ்பிரேயில் லேபிளில் இல்லாத மெத்தில் டெஸ்டோஸ்டீரோன் இருந்தது. வழக்குப் போட்டு 2011-இல் 54 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கினார். போன ஆட்டங்கள் திரும்பவில்லை. இந்திய வம்சாவளி ஃபிஜி கோல்ஃப் வீரர் விஜய் சிங் 2013-இல் மான்கொம்பு ஸ்பிரே பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டு பட்ட பாடும் பெரிது. ஸ்பிரே தானாகத் தடைப்பட்ட பொருளல்ல என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை சொன்னதால் நடவடிக்கை கைவிடப்பட்டது. ஆனால் ஐ.ஜி.எஃப்.-1 எப்போதும் தடைப்பட்ட பொருள் என்பது இன்றும் மாறவில்லை. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடுகிற பிள்ளையும் ஊர்க் கபடியிலிருந்து மாநில அணிக்குப் போகிற பையனும் இதை மனதில் வைக்க வேண்டும். சிறுநீரில் தடைப்பொருள் வந்தால் "டப்பாவில் போடலை" என்பது அங்கே பதிலாகாது; உடம்புக்குள் போனதற்கு வீரரே பொறுப்பு.

இரண்டாவது, வட அமெரிக்க மான்களிடையே பரவும், உடம்பை உருக்கும் நோய். மாடுகளுக்கு வந்த பைத்திய நோய் போலவே பிரியான் என்ற கெட்டுத் திரிந்த புரதத்தால் வருவது; 1967-இல் கொலராடோவில் முதலில் தெரிந்தது. நோயுள்ள மானின் இளங்கொம்புத் தோலிலும் அந்தப் பிரியான் இருப்பது ஆய்வில் தெரிந்தது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான நிகழ்வு இல்லை. ஆனாலும் கொதிக்கவைத்தால் சாகாத பொருள் அது. கொரியா வட அமெரிக்க வெல்வெட்டை நிறுத்தியது இதற்காகத்தான். நியூசிலாந்தில் இந்த நோய் கிடையாது. டப்பாவில் நாட்டின் பெயர் இல்லையென்றால் மற்ற எதையும் படிக்க வேண்டியதே இல்லை, திரும்ப வைத்துவிடலாம்.

புராஸ்டேட், மார்பு, கருப்பை போன்ற ஹார்மோனோடு தொடர்புள்ள புற்றுநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள் இதைத் தொடக்கூடாது. ரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுப்பவரும் சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் மருத்துவரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. "ஏதோ இயற்கை மாத்திரை" என்று சொன்னால் அவரால் எதுவும் சொல்ல முடியாது.

வாங்கியே தீருவேன் என்பவர் லேபிளில் பார்க்க வேண்டியவை: எந்த நாடு, எந்த மான், கொம்பின் எந்தப் பகுதி, உறைவு உலர்த்தலா சாறா, மாத்திரைக்கு எத்தனை மில்லிகிராம், தொகுதி எண். இந்தியாவில் விற்கும் உணவுப் பொருளானால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்க வேண்டும். அசைவப் பொருளுக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். வெல்வெட் டப்பாவில் பச்சை வட்டம் இருந்தால் உள்ளே மான் இல்லை, அல்லது லேபிள் பொய். விரதம், சைவம் பார்க்கிற வீடுகளில் "இயற்கை" என்ற சொல்லை நம்பி ஏமாறுவது இங்கேதான். ஆண்மைக்கு என்று விளம்பரம் செய்திருந்தால் 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின்படி அந்த விளம்பரமே குற்றம். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைப்பதும் சிக்கல். விலங்குப் பொருளுக்குக் கால்நடைத் துறையின் இறக்குமதி அனுமதி கேட்பார்கள். செம்மானுக்கு நெருங்கிய உறவான காஷ்மீரத்து ஹங்குல் மிகக் கடுமையான பாதுகாப்பில் உள்ள பிராணி. பொடியைப் பார்த்து இது எந்த மான் என்று சுங்க அலுவலர் சொல்ல முடியாது, நீங்களும் நிரூபிக்க முடியாது.

உள்ளூர் மானின் கொம்பு என்று யாராவது காட்டினால் பேச்சே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கொம்பும் எலும்பும் பல்லும் நகமும் வேட்டைச் சின்னம் என்ற வரையறைக்குள் வரும். காட்டில் தானாக உதிர்ந்து கிடந்ததை எடுத்து வந்தாலும் வழக்குதான். நாட்டு மருந்துக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்ததன் காரணம் அதுவே.

பழைய வீடுகளில் தாத்தா காலத்துக் கொம்பு முகப்பில் மாட்டியிருப்பதுண்டு. அதை அறுத்து உரைக்கலாமா, வைத்தியரிடம் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கையில் இருப்பதை அறிவிக்க 2003-இல் 180 நாள் வாய்ப்புக் கொடுத்தார்கள்; அறிவித்து உரிமைச் சான்று வாங்கியிருந்தால் வீட்டில் வைத்திருக்கலாம், விற்க முடியாது. சான்று உள்ளவர் வேண்டாமென்று நினைத்தால், 2022 திருத்தத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் ஒப்படைத்துவிடலாம். அதற்குப் பணம் எதுவும் தரமாட்டார்கள். சான்று இல்லாத கொம்பானால், உரைகல்லை எடுப்பதற்கு முன் மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் தெரிவிப்பதே வழி.